முத்திரை குத்திய காசு சேதமா, சான்றா? (டோக்கன், மெடல் சேர்ப்பவர்களும் வரலாம்)

பழையபெட்டி:
எல்லோருக்கும் வணக்கம். நாடு, ஆண்டு, அச்சுச்சாலை என்று வரிசை பிடித்து நாணயம் சேர்க்கிறவன் நான். இப்போது ஒரு கலவைப் பொட்டலம் கைக்கு வந்திருக்கிறது. பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் நாணயமே இல்லை. சில பேருந்து, ரயில் டோக்கன்கள், 1855 என்று ஆண்டு போட்ட பாரிஸ் கண்காட்சி மெடல், ஈயத்தில் ஒரு சதுரத் துண்டு, அப்புறம் யாரோ தன் பெயரைக் குத்தி வைத்திருக்கும் பெரிய செம்புக் காசு ஒன்று. அந்தக் காசின் முகம் வழுவழுவென்று தேய்ந்துவிட்டது, குத்திய எழுத்து மட்டும் பளிச்சென்று தெரிகிறது. சந்தேகமே அதில்தான். இதைச் சேதமான காசு என்று தள்ளிவிடுவதா, தனியாக எடுத்துவைப்பதா? முத்திரை பழையதா, போன வாரம் குத்தியதா என்று எப்படிப் பார்ப்பது?

நேர்க்கோடு:
என்னைக் கேட்டால் சேதம்தான். நாணயத்துக்குத் தரம் சொல்ல ஒரு அளவு இருக்கிறது: எவ்வளவு தேய்ந்தது, பரப்பில் கீறல் உண்டா, அச்சு எவ்வளவு நன்றாக விழுந்திருக்கிறது. சுத்தியலும் எழுத்து அச்சும் கையில் உள்ளவர் யாராக இருந்தாலும் நல்ல காசைக் கெடுத்துவிட்டு அதற்கு வரலாறு என்று பெயர் வைக்கலாம். பிறகு அதை எந்த அளவுகோலில் வைத்துப் பார்ப்பீர்கள்?

ஓட்டைக்காசு:
நேர்க்கோடு சார், அரசாங்கமே காசைக் கெடுத்தால்?

1813இல் ஆஸ்திரேலியாவில் இருந்த பிரிட்டிஷ் குடியேற்றமான நியூ சவுத் வேல்ஸின் ஆளுநர் மக்குவாரி என்ன செய்தார்? கையில் வந்த 40,000 ஸ்பானிய டாலர் வெள்ளிக் காசுகளின் நடுவைத் துளைத்து எடுக்கச் சொன்னார். வெளி வளையம் 5 ஷில்லிங், உள்ளே இருந்து விழுந்த வட்டு 15 பென்ஸ். இரண்டிலும் குடியேற்றத்தின் பெயரும் ஆண்டும் குத்தினார்கள். காசு அந்தக் குடியேற்றத்தை விட்டுக் கப்பலேறிப் போகாமல் இருக்கத்தான் இத்தனையும். ஓட்டைக் காசை வெளியூரில் யார் முழு விலைக்கு வாங்குவார்கள்? வேலையைச் செய்த வில்லியம் ஹென்ஷல் யார் தெரியுமா? கள்ள நாணயம் அடித்ததற்காகவே நாடு கடத்தப்பட்ட கைதி. உங்கள் அளவுகோலில் இவை அத்தனையும் சேதமான ஸ்பானிய வெள்ளி. ஆனால் அந்த நாட்டின் நாணய வரலாறே அங்கேதான் தொடங்குகிறது.

இங்கிலாந்து வங்கியும் இதைச் செய்திருக்கிறது. 1797இல் வெள்ளி தட்டுப்பாடு வந்தபோது ஸ்பானிய டாலரில் இருந்த அரசர் கழுத்தின் மேல் மூன்றாம் ஜார்ஜின் தலையைச் சின்ன முட்டை வடிவ முத்திரையாகக் குத்தி வெளியிட்டார்கள். புதிய அச்சுகூடச் செய்யவில்லை, வெள்ளிப் பாத்திரத்துக்கு வரி கட்டிய அடையாளமாகக் குத்தும் அச்சையே எடுத்துக்கொண்டார்கள். 'முட்டாளின் தலையைக் கழுதையின் கழுத்தில் வைத்திருக்கிறார்கள்' என்று ஊரே கேலி செய்தது. கள்ள முத்திரையும் உடனே கிளம்பிவிட்டது. 1804இல் எண்கோண வடிவத்துக்கு மாற்றினார்கள், அதுவும் நிற்கவில்லை. கடைசியில் பர்மிங்காம் பக்கம் மேத்யூ போல்டன் நடத்திய சோஹோ அச்சுச்சாலையில் முழு முகத்தையும் புதிதாக மேலே அடித்துவிட்டார்கள். அப்படி அடித்த காசிலும் சிலவற்றில் அடியில் பழைய ஸ்பானிய எழுத்து லேசாக எட்டிப் பார்க்கும். அந்த எழுத்தைத் தேடித் தேடி வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள், நானும்தான்.

நேர்க்கோடு:
சரி, அரசு முத்திரை வேறு. அதற்கு ஆணை இருக்கிறது, தேதி இருக்கிறது, மதிப்பு இருக்கிறது. ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த பிலிப்பைன்ஸில், மணிலாவிலும் அப்படித்தான். ஸ்பெயினிடமிருந்து புதிதாக விடுதலை பெற்ற லத்தீன் அமெரிக்கக் குடியரசுகளின் காசு உள்ளே வந்தபோது 1828இல் முழு முகத்தின் மேல் அடித்தார்கள், 1832இலிருந்து ஸ்பெயின் அரசர் ஃபெர்னாண்டோ பெயரில் சின்ன வட்ட முத்திரை, 1834இலிருந்து அரசி இசபெல் பெயரில். அதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு பல் வைத்தியர் தன் பெயரைக் காசில் குத்தியதை எப்படி இதோடு சேர்ப்பது?

செம்புநேசன்:
பல் வைத்தியர் என்று சொன்னதும் வில்கின்ஸ் நினைவுக்கு வந்துவிட்டார் :) நியூ ஹாம்ப்ஷையரில் இருந்த டாக்டர் ஜி. ஜி. வில்கின்ஸ் 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பெரிய செம்புச் சென்ட் காசுகளில் தன் பெயரைக் குத்தித் தள்ளினார். இன்றும் எளிதாகக் கிடைக்கும் தனியார் முத்திரைகளில் அவருடையது ஒன்று. செய்தித்தாள் விளம்பரம் மறுநாளே குப்பைக்குப் போகும். காசோ கை மாறிக்கொண்டே இருக்கும், யாரும் தூக்கிப் போட மாட்டார்கள்.

பியர்ஸ் சோப்புக்காரர்கள் இன்னும் தந்திரசாலிகள். அவர்கள் பிரெஞ்சு 10 சென்டீம் வெண்கலக் காசில் பெயரைக் குத்திப் பிரிட்டனில் சுற்ற விட்டார்கள். அந்தக் காசு ஏறக்குறைய பென்னி அளவுதான், கடைகளில் பென்னியாகவே ஓடிக்கொண்டிருந்தது. 1887இல் வெளிநாட்டு வெண்கலக் காசைத் தடை செய்த பிறகுதான் அந்த வழி அடைபட்டது.

அப்புறம் ஒன்று. ஏழாம் எட்வர்டின் 1903 பென்னியில், அரசர் முகத்தின் மேலேயே, 'பெண்களுக்கு வாக்கு' என்று ஆங்கிலத்தில் ஒவ்வொரு எழுத்தாக அடித்திருப்பார்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாணயத்தைச் சிதைப்பது அன்றைக்குக் குற்றம். பென்னியோ மிகச் சிறிய காசு, ஒவ்வொன்றாகப் பொறுக்கித் திரும்பப் பெறுவது எந்த வங்கிக்கும் கட்டுப்படியாகாது. இதற்கு எந்த ஆணையும் இல்லைதான். ஆணை போடுகிறவர்களை எதிர்த்துக் குத்தியது அது. இதைத் தரம் குறைந்த 1903 பென்னி என்று உறையில் எழுத உங்களுக்கு மனசு வருமா?

நேர்க்கோடு:
அருங்காட்சியகத்தில் இருப்பதைச் சொல்லாதீர்கள். சந்தையில் கிடைக்கும் நூற்றில் எத்தனைக்கு அப்படிக் கதை இருக்கும்? பெரும்பாலும் இரண்டு எழுத்து, ஒரு நட்சத்திரம். விற்கிறவர் தன் வாய்க்கு வந்த கதையைச் சேர்த்துக்கொள்கிறார்.

லென்ஸ்காரர்:
நேர்க்கோடு சொல்வதில் பாதி சரி. கதையை ஓரமாக வையுங்கள், முதலில் உலோகத்தைப் பாருங்கள். பழையபெட்டி, உங்கள் கேள்விக்கே வருகிறேன்.

முகம் தேய்ந்து எழுத்து தெளிவாக இருப்பது மட்டும் சந்தேகத்துக்குக் காரணம் ஆகாது. விளம்பரத்துக்கோ அடையாளத்துக்கோ குத்துகிறவர்கள் வழுவழுப்பான காசைத்தான் தேடி எடுத்தார்கள், அப்போதுதான் பெயர் படிக்க வரும். தவிர எழுத்து பள்ளத்தில் இருக்கிறது, பள்ளம் கடைசியாகத்தான் தேயும்.

பார்க்க வேண்டியது எழுத்தின் கரையை. அச்சு உள்ளே இறங்கும்போது அங்கிருந்த செம்பு எங்கேயாவது போக வேண்டும் அல்லவா? அது எழுத்தைச் சுற்றி மெல்லிய வரப்பாக எழும்பி நிற்கும். குத்திய பிறகு காசு பல வருடம் கை மாறியிருந்தால் முதலில் தேய்வது அந்த வரப்புதான், மற்ற பரப்போடு சமமாகிவிடும். நேற்று குத்தியது என்றால் விரல் நுனியை மெதுவாக ஓட்டினாலே தட்டுப்படும். சாய்ந்த வெளிச்சத்தில், பத்து மடங்கு லென்ஸில், வரப்பின் உச்சி புதுச் செம்பாகப் பளபளப்பதும் தெரியும்.

அடுத்து பள்ளத்தின் நிறம். பரப்பு பழுப்பாக இருந்து எழுத்தின் அடிப்பகுதி வெளிறிய சிவப்பாக இருந்தால் யோசியுங்கள். ஆனால் நிறத்தைச் செயற்கையாக ஏற்ற முடியும், எனவே இதை மட்டும் நம்ப வேண்டாம். பள்ளத்துக்குள் அடைந்த அழுக்கும் களிம்பும் பரப்பில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள்.

பிறகு காசைத் திருப்புங்கள். கடினமான பட்டறைக்கல்லில் வைத்து அடித்திருந்தால் எழுத்துக்கு நேர் பின்னால் வடிவம் நசுங்கித் தட்டையாக இருக்கும். மரத்திலோ தோலிலோ ஈயத்திலோ வைத்து அடித்திருந்தால் அந்த இடம் புடைத்துக்கொண்டு வரும். பின்பக்கத்தில் இரண்டுமே இல்லாமல் முன்பக்கம் ஆழமான எழுத்து இருந்தால் அது குத்தியதே இல்லை, முத்திரையோடு சேர்த்து முழுக் காசையும் வார்த்திருக்கலாம். அப்போது பரப்பெங்கும் ஊசி முனைத் துளைகள் தெரியும், எடையும் பெரும்பாலும் ஒத்துவராது.

கடைசியாக ஆண்டுக் கணக்கு. அசோர்ஸ் தீவுகளில் புழங்கிய வெளிநாட்டுக் காசுகளுக்குப் போர்ச்சுகல் அரசு 1887இல் கிரீடத்தின் கீழ் ஜி.பி. என்று முத்திரை குத்தியது. அந்த முத்திரையைக் கள்ளமாகக் குத்தியவை ஏராளம். அதற்குப் பிந்திய ஆண்டு போட்ட தாய்க்காசில், அதாவது முத்திரை விழுந்த அசல் காசில், அதே முத்திரை இருந்தால் லென்ஸே வேண்டாம். சிரிக்காதீர்கள், அப்படியும் விற்பனைக்கு வரும்.

விளிம்பு:
அருமையான விளக்கம் லென்ஸ்காரர். சீன வணிகர்களின் முத்திரை விஷயத்தையும் சொல்லிவிடுங்கள், புதிதாக வருகிறவர்கள் அதில்தான் விழுகிறார்கள்.

லென்ஸ்காரர்:
ஆமாம் மேடம், விட்டுப்போய்விட்டது. ஸ்பானிய, மெக்சிகோ டாலர்கள், ஆசிய வணிகத்துக்காகவே 1873 முதல் அடித்த அமெரிக்க டிரேட் டாலர் வெள்ளிக் காசு எல்லாம் சீனாவில் புழங்கின. ஒவ்வொரு வணிகரும் வெள்ளியை நோட்டம் பார்த்து, சரி என்றால் தன் சின்ன முத்திரையை அதில் குத்துவார். இன்றைய போலிக்காரர் இந்த நம்பிக்கையைத்தான் பயன்படுத்துகிறார். போலி டிரேட் டாலரை அடித்து அதன் மேல் இரண்டு சீன எழுத்தையும் குத்திவிட்டால், 'நோட்டம் பார்த்த காசு' என்று வாங்குகிறவர் தராசை எடுக்க மாட்டார். நல்ல டிரேட் டாலரின் எடை 27.22 கிராம். புழக்கத்தில் கொஞ்சம் தேயும், ஆனால் மூன்று நான்கு கிராம் காணாமல் போகாது.

பழையபெட்டி:
எல்லோருக்கும் நன்றி. லென்ஸை வைத்துப் பார்த்தேன். எழுத்தைச் சுற்றி வரப்பு எதுவும் விரலில் தட்டுப்படவில்லை. பின்பக்கம் அந்த இடம் தட்டையாக இருக்கிறது. எழுத்துகள் ஒரே கோட்டில் இல்லை, நடுவில் ஒன்று சற்றே மேலேறி நிற்கிறது. ஆங்கில ஆர் எழுத்து பெயரில் இரண்டு முறை வருகிறது, இரண்டிலும் வலது காலின் நுனி ஒரே மாதிரி உடைந்திருக்கிறது. ஊர்ப் பெயர் இல்லை.

லென்ஸ்காரர்:
மிக நல்ல கவனிப்பு. இரண்டு ஆர்-ரிலும் ஒரே உடைப்பு என்றால் ஒரே எழுத்து அச்சை இரண்டு முறை அடித்திருக்கிறார். பெயர் முழுவதும் செதுக்கிய ஒற்றை அச்சு இல்லை இது.

இந்த வேறுபாடு முக்கியம். வெள்ளிக் கொல்லர், துப்பாக்கி செய்பவர், உளி, ரம்பம் செய்பவர் ஆகியோர் தங்கள் சரக்கில் குத்துவதற்கு முழுப் பெயர் அச்சு வைத்திருப்பார்கள். அச்சைச் சோதித்துப் பார்க்கவோ விளம்பரத்துக்கோ அதைக் காசில் அடிப்பார்கள். அப்படிப்பட்ட முத்திரையில் எழுத்துகள் நூல் பிடித்த மாதிரி இருக்கும், அதே அச்சு விழுந்த இன்னொரு காசோ கருவியோ எங்காவது கிடைக்கும், ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு எழுத்தாக அடித்தது பெரும்பாலும் தனி மனிதரின் வேலை. நினைவுக்காக இருக்கலாம், சாவிக்கொத்தில் மாட்ட இருக்கலாம், சும்மா பொழுது போகாமலும் இருக்கலாம். உங்கள் காசு பழைய முத்திரை என்றே படுகிறது. யார் என்பதற்கு ஊர் இல்லாமல் வணிகர் பட்டியல்களில் தேடி, ஒரே பெயருள்ள ஒருவரைக் கண்டதும் 'இவர்தான்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உறையில் கண்ணால் கண்டதை ஒரு பக்கம், ஊகத்தை மறுபக்கம் எழுதுங்கள்.

நேர்க்கோடு:
அதாவது, யார் குத்தினார், ஏன் குத்தினார், எங்கே குத்தினார், எதுவும் தெரியாது. என் கட்சி பலமாகிறது :)

ஓட்டைக்காசு:
உங்கள் தட்டில் இருக்கும் காசை யார் யார் தொட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா சார்? இதில் ஒருவர் பெயராவது தெரிகிறதே!

சரி, பழையபெட்டி எங்கிருந்து தொடங்கலாம் என்பதற்கு வருவோம். டோக்கன், அதாவது காசுக்குப் பதிலாகத் தனியார் அடித்துப் புழங்கவிட்ட வில்லை, ஒரு கடல். ஏதாவது ஒரு கரையில் இறங்குங்கள். சில்லறைத் தட்டுப்பாடு வந்த இடத்திலெல்லாம் டோக்கன் முளைத்திருக்கிறது. பிரிட்டனில் 1787இல் ஆங்கிள்சீ தீவின் பேரிஸ் சுரங்க நிறுவனம் தன் செம்பிலேயே பென்னி டோக்கன் அடித்தது, ஒரு பக்கம் ட்ரூயிட் என்ற பண்டைய கெல்ட் பூசாரியின் முக்காடிட்ட தலை. பின்னாலேயே நூற்றுக்கணக்கான கடைக்காரர்களும் ஆலைக்காரர்களும் வந்தார்கள். 1797இல் அரசு கனமான செம்புப் பென்னியை வெளியிட்டபோதுதான் அந்த அலை அடங்கியது. அமெரிக்காவில் உள்நாட்டுப் போரின்போது மக்கள் சென்ட்டைக்கூடப் பதுக்கினார்கள், கடைக்காரர்கள் தாங்களே அடித்துக்கொண்டார்கள், 1864இல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். காரணமும் காலமும் தெளிவாகத் தெரிந்த கூட்டங்கள் இவை. ஒன்றைப் பிடித்துக்கொண்டால் படிக்கவும் சேர்க்கவும் நிறைய இருக்கிறது.

செம்புநேசன்:
ஆனால் ஓர் எச்சரிக்கை. 1790களிலேயே இங்கிலாந்தில் டோக்கன் சேர்ப்பது பெரிய பைத்தியமாகிவிட்டது. அச்சடிப்பவர்கள் விவரமானவர்கள். ஒரு டோக்கனின் முன்பக்க அச்சையும் சம்பந்தமே இல்லாத இன்னொன்றின் பின்பக்க அச்சையும் ஜோடி சேர்த்துச் சில மட்டும் அடித்து, 'அபூர்வம்' என்று சேகரிப்பவர்களிடமே விற்றார்கள். அவை ஒரு நாள்கூடக் கடையில் புழங்கியதில்லை. ஆகவே அபூர்வம் என்ற பேச்சைக் கேட்டால் உடனே விளிம்பைப் பாருங்கள். எங்கே கொடுத்தால் காசு தருவார்கள் என்ற ஊர்ப் பெயர் விளிம்பில் இருப்பது உண்மையான புழக்கத்துக்கு நல்ல அறிகுறி, ஆனால் அது மட்டுமே போதாது. தேய்மானமும் வேண்டும்.

நான் தேய்ந்த டோக்கனைத்தான் விரும்புவேன். பளபளவென்று இருக்கும் டோக்கன் தன் வேலையைச் செய்யாத டோக்கன்.

டிக்கெட்:
உங்கள் பேருந்து, ரயில் டோக்கன்களை யாரும் கண்டுகொள்ளவில்லையே! நியூயார்க் சுரங்க ரயில் 1953 முதல் 2003 வரை டோக்கனில் ஓடியது. முதலில் வந்ததில் நடுவில் ஒய் எழுத்து துளைத்து எடுத்திருக்கும். 1980களில் பக்கத்து கனெக்டிகட் மாநில நெடுஞ்சாலைச் சுங்கத்துக்கு அடித்த டோக்கன் அதைவிட மலிவு, அளவோ ஏறக்குறைய அதேதான். ஜனங்கள் அதை வாங்கிச் சுரங்க ரயிலில் போட்டுவிட்டுப் போக, பெட்டி பெட்டியாக அங்கே குவிந்தது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருப்பது என் சேகரிப்பின் பெருமை.

இன்னும் எளிதாகத் தொடங்க வேண்டுமா, 1944இல் அமெரிக்க ரேஷனுக்கு வந்த நார்ப்பலகை டோக்கன்கள். சிவப்பு இறைச்சி, கொழுப்புக்கு, நீலம் பதப்படுத்திய உணவுக்கு. ஒவ்வொன்றிலும் இரண்டு எழுத்து, எழுத்து ஜோடிகளை நிரப்புவது ஒரு விளையாட்டு.

விளிம்பு:
மெடலை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். பழையபெட்டி, பாரிஸ் அச்சுச்சாலை மெடலா? முகத்தில் இருக்கும் 1855ஐ நம்பாதீர்கள். அங்கே பழைய அச்சுகளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு கேட்கும்போதெல்லாம் மறுபடி அடித்துக் கொடுப்பார்கள். நல்லவேளையாக விளிம்பில் குறி போடும் வழக்கம் உண்டு. சுட்டும் கை என்றால் 1845 முதல் 1860 வரை. தேனீ என்றால் 1860 முதல் 1879 வரை. வளக்கொம்பு (பழமும் பூவும் வழியும் கொம்பு) என்றால் 1880இலிருந்து. பக்கத்தில் செம்பா வெண்கலமா என்றும் பிரெஞ்சில் எழுதியிருக்கும்.

போர்ப் பதக்கத்திலும் பெயர் விளிம்பில்தான். பதவி வேறுபாடு இல்லாமல் எல்லாச் சிப்பாய்க்கும் கொடுத்த முதல் பிரிட்டிஷ் மெடல் வாட்டர்லூ மெடல், ஒவ்வொன்றிலும் பெற்றவர் பெயர். பழைய பெயரை அரத்தால் தேய்த்துவிட்டு வேறு பெயரைச் செதுக்கியவை உண்டு. விளிம்பு குழிந்திருக்கும், குறுக்களவு ஒரு மயிரிழை குறையும், அச்சால் குத்தாமல் கையால் செதுக்கியிருப்பார்கள். நல்ல மெடலின் அளவை முன்பே குறித்து வைத்துக்கொண்டு, குறுக்களவு அளக்கும் காலிப்பரோடு போங்கள்.

முகத்தில் பார்க்க வேண்டியது லூசிடேனியா மெடலில். லூசிடேனியா ஒரு பிரிட்டிஷ் பயணிகள் கப்பல், 1915 மே 7இல் ஜெர்மன் நீர்மூழ்கி அதை மூழ்கடித்தது. ஜெர்மன் சிற்பி கார்ல் கோட்ஸ் தன் மெடலில் மே 5 என்று தப்பான தேதி போட்டுவிட்டார். கப்பலை மூழ்கடிப்பது முன்பே போட்ட திட்டம் என்று சொல்ல பிரிட்டனுக்கு அது போதாதா? லட்சக்கணக்கில் நகல் அடித்து விநியோகித்தார்கள். ஜெர்மன் மூலத்தில் மாதம் ஜெர்மன் எழுத்துக்கூட்டில், ஐ-யில் முடியும். பிரிட்டிஷ் நகலில் ஆங்கில ஒய்-யில் முடியும். 'ஜெர்மன் மூலம்' என்று விற்பனைக்கு வருவதில் பெரும்பாலும் அந்த ஒய்தான்.

ஈரப்பதம்:
சேர்ப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள், வைப்பதைப் பற்றி நான் சொல்கிறேன். மென்மையான பிவிசி உறை வேண்டவே வேண்டாம், கொஞ்ச நாளில் செம்பில் பச்சைப் பிசின் ஒட்டும். மைலார் என்ற பாதுகாப்பான பிளாஸ்டிக்கில் செய்த உறை வாங்குங்கள். ஈயத் துண்டை மரப் பெட்டியில், அதிலும் ஓக் மரத்தில் வைக்காதீர்கள். மரத்திலிருந்து வரும் அமில ஆவியில் ஈயம் வெள்ளைப் பொடியாக உதிரும், அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. கடின ரப்பர் டோக்கன் இருந்தால் வெள்ளி மெடலுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம், ரப்பரில் இருக்கும் கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும். எதையும் தேய்த்து மினுக்காதீர்கள். லென்ஸ்காரர் சொன்ன வரப்பு, பள்ளத்து அழுக்கு, நிறம் எல்லாம் முதல் தேய்ப்பிலேயே போய்விடும்.

பழையபெட்டி:
உறையை மாற்றிவிட்டேன். மெடலின் விளிம்பில் தேனீ இருக்கிறது மேடம். ஈயச் சதுரத்தில் இரண்டு எழுத்தும் 1793 என்ற ஆண்டும் மட்டும்தான்.

விளிம்பு:
தேனீ என்றால் பின்னாள் அடிப்பு, 1860க்கும் 1879க்கும் இடையில். கை இருந்திருந்தால்தான் அந்தக் காலத்து மெடல். வேலைப்பாடு அதேதான், வைத்துக்கொள்ளுங்கள், உறையில் மட்டும் இரண்டு ஆண்டையும் எழுதுங்கள்.

ஈயச் சதுரம் ஸ்காட்லாந்து தேவாலய டோக்கனாக இருக்க நல்ல வாய்ப்பு. திருவிருந்தில் பங்குபெறத் தகுதியானவர் என்பதற்கு முன்கூட்டியே கொடுப்பார்கள், மேசைக்குப் போகும்போது திரும்ப வாங்கிக்கொள்வார்கள். இரண்டு எழுத்து பெரும்பாலும் பங்கின் (அந்தத் தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரத்தின்) பெயர் அல்லது போதகரின் பெயர் முதலெழுத்து. எழுத்துகளையும் அளவையும் போடுங்கள், மூலை வெட்டியிருக்கிறதா என்றும் சொல்லுங்கள்.

நேர்க்கோடு:
பழையபெட்டி, உங்கள் செம்புக் காசில் தாய்க்காசின் ஆண்டு கொஞ்சமாவது தெரிகிறதா? தெரிந்தால் அதற்கு மட்டும் நான் தரம் சொல்கிறேன். பெயரை லென்ஸ்காரர் பார்த்துக்கொள்ளட்டும்.